"வெறும் தியரிதானே?" – தியரி என்ற சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து நம் பேச்சுக்குள் வந்து நன்றாகவே ஒட்டிக்கொண்ட சொல் தியரி. பரீட்சையில் தியரி பேப்பர் உண்டு. டீக்கடைப் பேச்சில் "என்னோட தியரி என்னன்னா" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. அறிவியல் விவாதத்தில் "அது வெறும் தியரிதானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்களும் உண்டு. இந்த மூன்றாவது வகைப் பேச்சுதான் உண்மையான சேதத்தை உண்டாக்குகிறது. பாடப்புத்தகத்தில் எது இருக்கலாம், எது கூடாது என்ற சண்டை வரை அது போயிருக்கிறது. அதனால் இந்தச் சொல்லைச் சுற்றி வரும் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

தியரி என்றால் ஊகம் என்று அகராதியிலேயே போட்டிருக்கிறதே?

ஆமாம், போட்டிருக்கிறது. அந்தப் பொருள் தப்பும் இல்லை. "திருடன் பின்வாசல் வழியாக வந்திருப்பான் என்பது போலீஸின் தியரி" என்று ஆங்கிலச் செய்தியில் வந்தால், அங்கே தியரி என்பது ஊகம்தான். ஆனால் அதே அகராதியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்களும் இருக்கும். அதில் ஒன்று அறிவியலுக்கு உரியது. இயற்கையில் நடக்கும் ஒன்றை, அல்லது பலவற்றைச் சேர்த்து, ஏன் அப்படி நடக்கிறது என்று விளக்கும் ஒழுங்கான கட்டமைப்பு என்பது அந்தப் பொருள். கிருமிகளால் நோய் வருகிறது என்பது தியரி. பொருள்கள் அணுக்களால் ஆனவை என்பதும் தியரி. பூமியின் மேலோடு பெரிய தட்டுகளாக நகர்கிறது என்பதும் அப்படித்தான். ஊகம் என்ற பொருளை எடுத்துக்கொண்டு வந்து இவற்றின் மேல் ஒட்டும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

அப்படியானால் அறிவியலில் தியரி என்றால் "நிரூபிக்கப்பட்ட உண்மை" என்று எடுத்துக்கொள்ளலாமா?

இல்லை. அறிவியலுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் பலர் இந்த இடத்தில் எதிர்ப்பக்கம் அதிகமாகச் சாய்ந்துவிடுகிறார்கள். "தியரி என்ற பெயர் கிடைத்தாலே அது சோதித்து உறுதி செய்யப்பட்டது என்று அர்த்தம்" என்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

18ஆம் நூற்றாண்டில் புளோஜிஸ்டன் தியரி என்று ஒன்று இருந்தது. ஒரு பொருள் எரியும்போது அதற்குள் இருக்கும் புளோஜிஸ்டன் வெளியேறுகிறது என்றது அது. ஆனால் உலோகத்தைக் காற்றில் சூடாக்கி எடை போட்டால் எடை கூடுகிறது. வெளியேறினால் எப்படிக் கூடும்? பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே கவனமாக எடை போட்டுப் பார்த்து, காற்றிலிருந்து ஆக்சிஜன் சேருகிறது என்று காட்டிய பிறகு அந்தத் தியரி செத்தது. 1948இல் ஹாயில், பாண்டி, கோல்ட் ஆகிய விஞ்ஞானிகள் முன்வைத்த நிலை மாறா அண்டம் என்ற தியரியும் அப்படித்தான். அண்டத்துக்குத் தொடக்கமே இல்லை என்றது அது. 1964இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் இருவரும் வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்தார்கள். அண்டம் ஒரு காலத்தில் மிகச் சூடாக, நெருக்கமாக இருந்ததன் மிச்சம் அது. அதன் பிறகு அந்தத் தியரி நிற்க முடியாமல் போனது. இன்னொரு பக்கம், எல்லாத் துகள்களும் அடிப்படையில் அதிரும் நுண்ணிய இழைகள் என்று சொல்லும் ஸ்டிரிங் தியரி இருக்கிறது. பல பத்தாண்டுகளாகப் பெரிய மூளைகள் உழைத்தும் இன்னும் அதற்குச் சோதனைச் சான்று கிடைக்கவில்லை.

ஆக, தியரி என்ற சொல் ஒரு கருத்து எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்லவில்லை. அந்தக் கருத்து செய்யும் வேலை என்ன என்பதைத்தான் சொல்கிறது. விளக்குவது அதன் வேலை. அந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதை ஒவ்வொரு தியரிக்கும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே வந்துவிடும்.

தியரியை நிரூபித்துவிட்டால் அது விதி ஆகிவிடும், சரிதானே?

பள்ளியில் பலருக்கு இப்படித்தான் மனதில் பதிந்திருக்கிறது: முதலில் கருதுகோள் (இனிமேல்தான் சோதிக்க வேண்டிய கருத்து), கொஞ்சம் சான்று சேர்ந்தால் தியரி, முழுக்க நிரூபித்தால் விதி. இப்படி ஒரு பதவி உயர்வு வரிசை அறிவியலில் கிடையாது.

பாயில் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை மாறாமல் இருந்தால், வாயுவின் அழுத்தத்தை இரண்டு மடங்காக்கும்போது அதன் கன அளவு பாதியாகும். 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்டது. ஊசி போடும் சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்துப் பிஸ்டனை அழுத்திப் பார்த்தாலே இந்த விதியைக் கையில் உணரலாம். ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால் விதி பதில் சொல்லாது. வாயு என்பது ஓயாமல் ஓடி மோதும் சிறு மூலக்கூறுகளின் கூட்டம், இடம் குறைந்தால் சுவரில் மோதும் எண்ணிக்கை கூடும், அதனால் அழுத்தம் கூடும் என்று விளக்குவது இயக்கவியல் தியரி. விதி என்ன நடக்கிறது என்று சொல்கிறது, தியரி ஏன் என்று சொல்கிறது. அழுத்தம் மிக அதிகமாகும்போது பாயில் விதி பிசகும். எங்கே பிசகும், ஏன் பிசகும் என்பதையும் மூலக்கூறுகளை வைத்துத்தான் விளக்க முடியும்.

விதி என்ற பெயர் இருந்தாலே அது எங்கும் செல்லுபடியாகும் என்பதும் இல்லை. ஓம் விதி செம்புக் கம்பிக்குப் பொருந்தும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுக்குப் பொருந்தாது. நியூட்டனின் ஈர்ப்பு விதியைவிட ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் தியரி துல்லியமானது.

உண்மை பெரியதா, தியரி பெரியதா?

இந்தக் கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டு வியன்னாவில் நடந்த ஒரு கதையைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள். பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் சாவது முதல் பிரிவில் பல மடங்கு அதிகம். ஊருக்கே இது தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் கெஞ்சியிருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த இக்னாஸ் செம்மல்வைஸுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. 1847இல் அவருடைய நண்பரான ஒரு பேராசிரியர், பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி கையில் பட்டு இறந்துபோனார். அவர் உடலில் தெரிந்த மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடலில் இருந்தவை போலவே இருந்தன. செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது. டாக்டர்களும் மாணவர்களும் பிண அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருகிறார்கள், மருத்துவச்சிகள் அப்படி வருவதில்லை. எல்லோரும் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். 10 சதவீதத்துக்கு மேல் இருந்த சாவு 2 சதவீத அளவுக்கு இறங்கியது.

இதைவிடத் தெளிவான உண்மை வேண்டுமா? ஆனாலும் அன்றைய மருத்துவ உலகத்தின் பெரும்பகுதி அவரை ஏற்கவில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. முக்கியமான ஒன்று, கை கழுவினால் ஏன் சாவு குறைகிறது என்று விளக்க அப்போது தியரி இல்லை. பிணத்திலிருந்து ஏதோ துகள்கள் வருகின்றன என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. 1865 ஆகஸ்டில் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்துபோனார். அதே மாதம், கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்த ஒரு சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்காமல் ஆறியது. லிஸ்டரின் கையில் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டரின் கிருமித் தியரி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் அழுகலுக்குக் காரணம் என்றால், அவற்றைக் கொன்றால் போதும் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. அறுவை சிகிச்சையே அதன் பிறகு மாறியது.

உண்மைகள் தனியாகக் கிடந்தால் இப்படித்தான் ஆகும். அவற்றைக் கோத்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காட்டுவது தியரி. இரண்டில் எது பெரியது என்ற கேள்வியே சரியாக வரவில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே வேலைக்குப் போட்டி போடவில்லை.

பரிணாமமும் தியரிதானே? அதை உண்மை மாதிரி ஏன் பாடமாக வைக்கிறார்கள்?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2002இல் ஜார்ஜியா மாநிலத்தின் காப் கவுண்டி பள்ளி நிர்வாகம், உயிரியல் புத்தகங்களின் உள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியது. பரிணாமம் ஒரு தியரி, அது உண்மை அல்ல, திறந்த மனதோடு படியுங்கள் என்பது அதன் சாரம். பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2005 ஜனவரியில் நீதிபதி அந்த ஸ்டிக்கர்களை எடுக்கச் சொன்னார். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2006 டிசம்பரில், இனி அப்படி ஒட்டமாட்டோம் என்று நிர்வாகம் ஒப்புக்கொள்ள, வழக்கு முடிந்தது. அந்த ஸ்டிக்கரின் முழு பலமும் தியரி என்ற ஒரே சொல்லில்தான் இருந்தது. கிருமித் தியரி இருக்கும் பக்கத்தில் யாரும் ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டிலும் இது நடந்தது. 2018 ஜனவரியில் மத்திய இணை அமைச்சராக இருந்த ஒருவர், டார்வின் சொன்னது அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து மறுப்பு அறிக்கை வெளியிட்டன. 2023இல், தேசிய அளவில் பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துத் திறந்த கடிதம் எழுதினார்கள்.

பரிணாமம் என்ற சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வந்திருக்கின்றன என்பது கண்டறிந்த உண்மை. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் உருவாவதை ஆஸ்பத்திரிகளில் இன்றும் பார்க்கிறோம். அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்தியவை அதிகம் பிழைத்துப் பெருகுவது), மரபணு மாற்றம் முதலியவற்றால் விளக்குவது தியரி.

யாரும் நேரில் பார்க்காத ஒன்றை எப்படிச் சோதிக்க முடியும்?

"இது உண்மையென்றால் இன்ன இடத்தில் இன்னது கிடைக்க வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தேடிப் போகலாம்.

மீன்களிலிருந்து நான்கு கால் விலங்குகள் வந்தன என்பது பரிணாமத் தியரி சொல்வது. சுமார் 38 கோடி ஆண்டு பழைய பாறைகளில் மீன்கள் இருக்கின்றன, கால் உள்ள விலங்குகளின் எலும்புகள் அப்போது கிடைத்திருக்கவில்லை. 36 கோடி ஆண்டு பழைய பாறைகளில் கால் உள்ளவை தென்படுகின்றன. அப்படியானால் இடைப்பட்ட காலத்துப் பாறையில், அதுவும் ஆழமில்லாத ஓடை இருந்த இடத்தில், பாதி மீனாகவும் பாதி கால்விலங்காகவும் ஒன்று கிடைக்க வேண்டும். புதைபடிவ ஆய்வாளர் நீல் ஷூபினும் அவருடைய குழுவினரும் நிலவியல் வரைபடத்தைப் பார்த்து அப்படிப்பட்ட பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று தேடினார்கள். கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவு அகப்பட்டது. கோடையில் சில வாரங்கள் மட்டுமே வேலை செய்ய முடிகிற பனிப்பிரதேசம். பல கோடைகள் தேடிய பிறகு 2004இல் பாறையிலிருந்து ஒரு தட்டையான மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கல்லைச் செதுக்கி எடுத்தபோது, செதில் இருந்தது, துடுப்பு இருந்தது. ஆனால் மீனுக்கு இல்லாத கழுத்தும் இருந்தது. துடுப்புக்குள்ளே தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றுக்கு ஒப்பான எலும்புகள். அந்தப் பகுதி இனுயிட் மக்களின் மொழியில் அதற்கு டிக்டாலிக் என்று பெயர் வைத்தார்கள். 2006இல் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

எந்தக் காலம், எந்த மாதிரி இடம், எந்த மாதிரி உடல் என்ற மூன்றையும் தியரி சொன்னது. அங்கே கால் உள்ள மாடோ முயலோ கிடைத்திருந்தால் தியரிக்குப் பெரிய சிக்கல். கிடைக்கவில்லை. டீக்கடை ஊகம் இப்படித் தன்னைப் பணயம் வைப்பதில்லை.

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?

இன்றைய குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று தியரி சொல்லவே இல்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது. பெரியப்பா பிள்ளைகள் இருப்பதால் நீங்கள் உங்கள் தாத்தாவின் பேரன் இல்லை என்று ஆகிவிடாது.

தியரிகள் மாறிக்கொண்டே இருக்கின்றனவே, எதை நம்புவது?

மாறுவதில் பல வகை உண்டு. புளோஜிஸ்டன் போல முழுக்க விழுந்துபோவது ஒன்று. பழையது தன் எல்லைக்குள் அப்படியே நின்று, அதற்கு வெளியே புதியது பொறுப்பேற்பது இன்னொன்று. நியூட்டனுக்கு நடந்தது இரண்டாவது வகை.

யுரேனஸ் கோள் கணக்குக்குச் சற்று விலகி ஓடியது. வெளியே இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்று நியூட்டனின் கணக்கை வைத்துப் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே சொன்னார். 1846 செப்டம்பர் 23 அன்று அவருடைய கடிதம் பெர்லின் வானாய்வகத்துக்குக் கிடைத்தது. அன்றிரவே தொலைநோக்கியைத் திருப்பியபோது, சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகை தூரத்துக்குள்ளேயே நெப்டியூன் இருந்தது. பின்னர் புதன் கோளின் பாதையிலும் சிறு பிசகு தெரிந்தது. லெவெரியே மறுபடியும் அதே வழியில், சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்துத் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. அந்தப் பிசகு நூற்றாண்டுக்கு 43 வில் விநாடி (ஒரு வில் விநாடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு). 1915 நவம்பரில் ஐன்ஸ்டீனின் புதிய தியரியான பொதுச் சார்பியல் அந்த 43ஐ அப்படியே கணக்கில் தந்தது.

அதனால் நியூட்டன் குப்பைக்குப் போய்விடவில்லை. பாலம் கட்டுபவருக்கு இன்றும் அவர் போதும். ஜிபிஎஸ்ஸுக்குப் போதாது. செயற்கைக்கோளில் இருக்கும் கடிகாரம், நம் தரைக் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும் என்பது சார்பியல் சொல்வது. அந்த நேரத்துக்குள் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டித்தான் ஜிபிஎஸ் கடிகாரங்களை ஓட்டுகிறார்கள். "வெறும் தியரி" என்று சொல்லும் அதே போனுக்குள் அந்தத் தியரி வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஒரு பெரிய விஞ்ஞானி சொல்லிவிட்டால் அது தியரி ஆகிவிடுமா?

ஆகாது. 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சந்திரசேகர் என்ற 19 வயது இளைஞர் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ஒரு கணக்குப் போட்டார். எரிந்து முடிந்த நட்சத்திரம் ஓர் எல்லைக்கு மேல் கனமாக இருந்தால் வெண்குள்ளனாக, அதாவது சுருங்கி மெல்ல ஆறும் சிறிய நட்சத்திரமாக, அமைதியாக ஓய முடியாது என்று வந்தது. பின்னர் செம்மையான அந்த எல்லை, சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது, அந்தக் காலத்தின் மிகப் பெரிய வானியலாளரான எடிங்டன் எழுந்து நிராகரித்தார். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். 1919 சூரிய கிரகணத்தின்போது நட்சத்திர ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டீனின் தியரியை உலகறியச் செய்தவரே அவர்தான். ஆனாலும் பெயர் ஜெயிக்கவில்லை, கணக்குதான் ஜெயித்தது. சந்திரசேகருக்கு 1983இல் நோபல் கிடைத்தது.

நம்பர் தியரி, மியூசிக் தியரி எல்லாம் எந்தக் கணக்கில் வரும்?

அவை ஒரு படிப்புத் துறையின் பெயர்கள். எண்களைப் பற்றிய கணிதப் பிரிவு நம்பர் தியரி, அவ்வளவுதான். தியரம் என்பதும் வேறு, தமிழில் அது தேற்றம். கணிதத்தில் தேற்றத்தை ஒருமுறை சரியாக நிரூபித்தால் முடிந்தது. அறிவியல் தியரிக்கு அந்த மாதிரி இறுதி முத்திரை கிடையாது.

"கான்ஸ்பிரசி தியரி"யும் தியரிதானே?

விளக்க முயல்கிறது என்ற அளவில் ஆமாம். நிஜமாகவே நடந்த சதிகளும் வெளிவந்திருக்கின்றன, அதனால் சதி என்று சொன்னாலே பொய் என்று ஒதுக்க வேண்டாம். ஆனால் "எந்தச் சான்று வந்தால் நீங்கள் இதைக் கைவிடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எதிரான சான்றும் சதியின் ஒரு பகுதி என்று பதில் வந்தால், அங்கே சோதிக்க ஒன்றும் இல்லை.

தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லைப் போடுவது?

இடத்தைப் பார்த்துப் போடுங்கள். போலீஸின் தியரி என்றால் "சந்தேகம்" அல்லது "ஊகம்". இனிமேல்தான் சோதிக்கப் போகும் கருத்து என்றால் "கருதுகோள்". ஒரு குழு நேற்று வெளியிட்ட சோதிக்கப்படாத யோசனைக்குச் செய்தித் தலைப்புகளில் "விஞ்ஞானிகளின் புதிய தியரி" என்று போடுகிறார்கள், அங்கேயும் கருதுகோள்தான் பொருத்தம். கிருமி, அணு, பரிணாமம், சார்பியல் என்று வரும் இடங்களில் "கோட்பாடு". பாடப்புத்தகங்களில் அணுக்கொள்கை என்று "கொள்கை"யும் வரும். ஆனால் கட்சிக் கொள்கை, அரசின் கொள்கை என்று அந்தச் சொல் வேறு வேலையில் இருப்பதால் நான் கோட்பாட்டையே விரும்புகிறேன். தியரி எக்ஸாமை மட்டும் விட்டுவிடுங்கள். அதை எழுத்துத் தேர்வு என்று எழுதினால் போதும்.